தயக்கம் எங்களிடம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றி ஆசிரியர்களுக்கான ஆலோசனைகளைக் கடந்த ஞாயிறு தங்கள் கல்விப் பக்கத்தில் படித்தேன். நல்லவை பல இருந்தன. ஆனால், “ஆசிரியர்களின் தயக்கமே பெருந்தடை” என்ற வரி சுருக்கென்று தைத்துவிட்டது.

நான் யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். 1990களின் முற்பகுதியில், மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. எந்தக் கருவியைக் கண்டும் நாங்கள் ஒதுங்கியதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எவரும் பயிற்சி தராமலே வட்ஸ்அப்பிலும் சூமிலும் கற்பித்தோம். டேட்டாவுக்கான பணம் எங்கள் சம்பளத்திலிருந்துதான் போனது. என் மாணவர் பலரின் வீட்டில் ஒரேயொரு கைபேசி. அப்பா கடலுக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும். அவர் கரைக்கு வந்த பிறகுதான் பிள்ளைக்குப் பாடம். அதனால் நேரடி வகுப்பை விட்டுவிட்டு, சிறு சிறு குரல்பதிவுகளாக அனுப்பினேன். இதையா தயக்கம் என்கிறீர்கள்?

தொடுதிரைப் பலகை பற்றியும் கட்டுரை விரிவாகப் பேசுகிறது. எங்களுக்கும் ஒன்று வந்தது. வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் அன்போடு அனுப்பியது. நாடா வெட்டிய படம் தங்கள் பத்திரிகையிலும் வெளிவந்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அது பழுதானது. திருத்துவது யார் பொறுப்பு என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. இப்போது அதிபரின் அறையில் துணி போர்த்தி நிற்கிறது. புரொஜெக்டரை வைத்துப் பார்த்தாலோ, எங்களுடையவை அரைச்சுவர் வகுப்பறைகள். பத்து மணி வெயிலில், இதயத்தின் படத்தில் நாடி எது, நாளம் எது என்று தெரியாது. வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய்க் கட்டினேன். கடற்காற்று அவற்றை நிற்க விடவில்லை.

யூடியூப்பில் எல்லாம் இருக்கிறது என்கிறார் கட்டுரையாளர். தமிழில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பவை தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கானவை. அருமையான காணொளிகள்தாம். ஆனால் அங்கே முடுக்கம் என்பது எங்கள் பாடநூலில் ஆர்முடுகல். அங்கே வேகம் என்பது எங்களுக்குக் கதி. எங்கள் வேகமோ திசையும் சேர்ந்தது. இந்தக் குழப்பம் பதினோராம் தரத்தின் முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் புள்ளிகளைத் தின்றுவிடும். ஆகவே இரவில் தரவிறக்கி, எங்கே நிறுத்துவது என்று குறித்து வைத்து, மறுநாள் என் கைபேசியைச் சுற்றிப் பிள்ளைகளைக் குழுக்களாக இருத்தி, நிறுத்தி நிறுத்தி எங்கள் சொற்களில் விளக்குகிறேன். 40 நிமிடப் பாடவேளையில் எல்லாக் குழுக்களும் பார்த்து முடிவதில்லை.

2022இல் மணிக்கணக்கான மின்வெட்டுக்கும் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் நடுவே, பஸ்ஸுக்கும் படகுக்கும் காத்து நின்று பாடசாலைக்குப் போன ஆசிரியர்களைப் பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு வரியும் நான் காணவில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்தால் மட்டும் நகரப் பாடசாலைகளின் படங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. அந்த வருத்தமும் நெடுநாளாக இருக்கிறது.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு கைபேசி மட்டுமே உள்ள வகுப்பில் என்ன செய்யலாம் என்று அடுத்த பகுதியில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பாடநூல் சொற்களில் அமைந்த விஞ்ஞானக் காணொளிகளின் பட்டியல் ஒன்றையும் கூடவே வெளியிட்டால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
தீவகம், யாழ்ப்பாணம்.