கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்

கடலூர் மாவட்டத்தில் இலவச சட்ட உதவிப் பணிகளைக் கவனித்துவரும் மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாவட்டத்தில் ஒரு வட்ட நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 14 வருடமாகிறது. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மேலே இருப்பவர்கள் கேள்வி கேட்பார்கள், கீழே உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு ஊழியர் மெமோ வாங்குவார். அதற்காக இந்த மடல் எழுதவில்லை. ஊரைச் சொல்லாமலேயே உங்களுக்கு விளங்கியிருந்தால் நல்லது. எந்த ஊராக இருக்கும் என்று யோசிக்கும்போது நாலைந்து ஊர்கள் மனதில் வந்தால், அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.

கேட்பது சின்ன விஷயம். நீதிமன்ற வளாகத்தின் பின்பக்கம், 'இலவச சட்ட உதவி மையம்' என்று பலகை மாட்டிய அறை ஒன்று இருக்கிறது. அந்தக் கதவில், எந்தெந்தக் கிழமை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை ஆள் இருப்பார் என்று ஒரு தாள் ஒட்ட வேண்டும். ஒட்டிய நேரத்தில் ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். தாளை நானே அச்சடித்து லேமினேஷன் போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்போது அந்தக் கதவுக்குத் தகவல் பலகையாக இருப்பது என் கடைதான். "தம்பி, இலவச வக்கீல் ரூம் எப்ப தொறப்பாங்க?" வாரத்துக்கு ஐந்தாறு பேராவது கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருப்பதால், "கொஞ்ச நேரம் பாருங்க" என்கிறேன். அவர்களும் பார்க்கிறார்கள். சிலர் மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை பார்த்துவிட்டு, ஆதார் கார்டை இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். எதற்கு அந்தக் காப்பி என்று அவர்களுக்கும் தெரியாது. வந்ததற்கு ஏதாவது செய்தோம் என்று ஒரு திருப்தி.

இவ்வளவு நாள் எழுதாதவன் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு அக்கா.

முந்திரிக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரர். முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலை. ஓட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். ரேஷன் கடையில் ரேகை விழாமல் தவிக்கிறவர். ஒரு காலத்தில் அவர்கள் வீட்டிலேயே ஒன்றரை ஏக்கர் முந்திரி இருந்ததாம். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்த காலையில் மரம் அத்தனையும் படுத்துவிட்டது. கூலிக்கு உடைக்கப் போனது அதற்குப் பிறகுதான். கணவரின் ஆபரேஷனுக்கு ஊரில் வட்டிக்கு விடுகிறவரிடம் 20,000 ரூபாய் வாங்கினார். தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இரண்டு வருடம் வட்டி கட்டினார், எல்லாம் வாய்க்கணக்கு. போன வருடம் கணவர் போனபின் வட்டி நின்றது. அப்புறம் ஒரு நாள் வீட்டுக்குச் சம்மன் வந்தது, 1,40,000 ரூபாய் கேட்டு.

கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது என்பது நமக்குத் தெரியும். அதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்ல அந்த அக்காவுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடித்தான் வந்தார்.

முதல் முறை வந்தபோது கதவு பூட்டியிருந்தது. இரண்டாவது முறை திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் சம்மனை வாங்கிப் பார்த்துவிட்டு, "வருமானச் சான்று வாங்கிட்டு வாம்மா" என்று சொல்லியிருக்கிறார். இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று அந்த அக்கா அலைந்தார். சான்று கையில் கிடைத்த மறுநாள்தான் சம்மனில் போட்டிருந்த தேதி.

அன்று காலை ஒன்பதரைக்கெல்லாம் வந்துவிட்டார். என் கடையில் சான்றை ஒரு காப்பி எடுத்துக்கொண்டு நேராகப் போய் அந்தக் கதவு முன்னால் நின்றார். பூட்டியிருந்தது. பதினொன்றரை மணிக்கு உள்ளே கோர்ட்டில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்ட இடத்துக்கும் அவர் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு புங்கமரமும் சைக்கிள் ஸ்டாண்டும்தான். மிஞ்சிப் போனால் ஐம்பது தப்படி. ஆள் வரவில்லை என்று எழுதி, எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் தரப்பைக் கேட்காமலே நடத்தும் ஒருதலை வழக்கு, ஆக்கிவிட்டார்கள்.

கோர்ட்டைக் குறை சொல்ல முடியாது. கூப்பிட்டார்கள், வரவில்லை, எழுதினார்கள். "ஏன்க்கா உள்ள போகல?" என்று கேட்டேன். "வக்கீல் இல்லாம உள்ள போகக் கூடாதுன்னு நெனச்சேன் தம்பி. அவங்க வந்து கூட்டிட்டுப் போவாங்கன்னு நின்னேன்" என்றார். நேரில் போய்க் கைகூப்பி ஒரு வாய்தா கேட்டிருக்கலாம். அதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. 14 வருடமாகக் கோர்ட் வாசலில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் அன்று காலையில் சொல்லத் தோன்றவில்லை. காப்பிக்கு இரண்டு ரூபாய் வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தேன். இந்த மடலில் என் பங்குக் குற்றமும் இருக்கிறது.

அடுத்து ஒன்று. அந்த வருமானச் சான்று தேவையே இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் எழுதுகிறேன். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆட்கடத்தலுக்கு ஆளானவர்கள், சாதி வன்கொடுமையிலும் பேரழிவு, வெள்ளம், வறட்சி, தொழிற்சாலைப் பேரிடர் போன்றவற்றிலும் அடிபட்டவர்கள். இவர்களில் யாருக்கும் வருமான வரம்பு கிடையாது. பெண் என்றால் பெண், அவ்வளவுதான். இந்தப் பட்டியலில் வராதவர்களுக்குத்தான் வருமானம் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் ஒரு உறுதிமொழிப் பத்திரத்தையே போதுமானதாக எடுத்துக்கொள்ளலாம் என்று பிரிவு 13 சொல்கிறது. சந்தேகப்படக் காரணம் இருந்தால்தான் மேலே கேட்க வேண்டும்.

அந்த 12-ஆம் பிரிவைப் படிக்கும்போது, டெல்லியில் யாரோ கடலூர் மாவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது. 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல். சிப்காட் பக்கம் காற்று திரும்பினால் மூக்கைப் பொத்திக்கொள்ளும் ஊர்கள். முந்திரியிலும் கரும்பிலும் கூலிவேலை பார்க்கும் பெண்கள். நம் மாவட்டத்தில் இந்தப் பட்டியலுக்குள் வராத ஆட்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட மாவட்டத்தில் அந்த அறையில் கூட்டம் அலைமோத வேண்டாமா? பூட்டு தொங்குகிறது.

இந்தச் சட்டம் 1987-இல் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. எட்டு வருடம் அதுவே வாசலில் நின்றிருக்கிறது. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

வருடா வருடம் அந்த நவம்பர் 9-ஆம் தேதி முகாம் நடக்கிறது. ஷாமியானா, மைக் செட், பொன்னாடை, பிஸ்கட், டீ. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். அதற்கு நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது என் கடைதான், எனக்கு அதில் வருமானம் உண்டு. 'இலவச சட்ட உதவி உங்கள் உரிமை' என்ற வரியை இன்னும் பெரிதாகப் போடச் சொல்லி இரண்டு முறை ப்ரூஃப் திருத்தினார்கள். எந்த அறை, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று போட இடம் போதவில்லை. தலைமை தாங்குவோர், முன்னிலை வகிப்போர், வாழ்த்துரை வழங்குவோர் என்று பெயர்கள் நிறைய இருந்தன.

மன்னிக்கவும். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

இலவச சட்ட உதவிக்காக நீங்கள் வைத்திருக்கும் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்களைப் பற்றி நான் குறையாகச் சொல்லவில்லை. அதில் சின்ன வயதுப் பிள்ளைகள் சிலர், கைக்காசு போட்டு எங்கள் கடையில் காப்பி எடுத்து வழக்கு நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கொடுக்கும் தொகை எவ்வளவு, எப்போது கைக்கு வருகிறது என்று அவர்கள் பேசிக்கொள்வதும் காதில் விழும். அது வேறு மடலுக்கான விஷயம். ஆனால் கதவு பூட்டியிருந்தால், நல்ல வக்கீல் பட்டியலில் இருந்து என்ன பயன்? பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்பவரிடம், "இலவசம்னா வேலை நடக்காதும்மா, ஐயாயிரம் கொடு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஒருவர் தினமும் தவறாமல் வந்துவிடுகிறார். நேரம் தவறாத ஒரே ஆள் அவர்தான்.

இலவச சட்ட உதவிக்கான போன் எண் 15100-ஐக் கூப்பிடலாமே என்பீர்கள். அந்த எண்ணை என் கடைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். போனில் வழி சொல்லலாம். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கோர்ட்டில் எழுந்து நிற்க ஆள்தானே வேண்டும். நேராகக் கடலூருக்கே போய்க் கேட்கலாமே என்றும் சொல்லலாம். அதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு முழு நாள் போய்விடும். வட்டத்துக்கு ஒரு சட்டப்பணிகள் குழு என்று வைத்ததே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. வக்கீலுக்கும் காசு கிடையாது. அந்த அக்காவுக்குச் செலவு என்று பார்த்தால் நாலு நாள் கூலி மட்டும்தான். மேலே 1,40,000 ரூபாய்த் தீர்ப்பு.

ஆமாம், தீர்ப்பும் வந்துவிட்டது. நாலாவது முறை வந்தபோது அறை திறந்திருந்தது. மனுவை வாங்கிக்கொண்டார்கள், "கூப்பிடுவோம்" என்றார்கள். வாங்கியதற்கு ஒரு சீட்டுகூடத் தரவில்லை. அவர் கொடுத்த நம்பர் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. இதுவரை போன் வரவில்லை. அதற்குள், கடன் கொடுத்தவர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து, "மக்கள் நீதிமன்றத்துல வச்சு ஒரு லட்சத்துக்கு முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மக்கள் நீதிமன்றம் நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ குடும்பத் தகராறு அங்கே முடிந்து, சிரித்துக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே எழுதும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. 20,000 வாங்கியவர் ஒரு லட்சத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும் முன், பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஒரு வக்கீல் வேண்டும். ஏற்கெனவே ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஒருதலையாக வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதற்கு 30 நாள் அவகாசம். இன்று வியாழக்கிழமை, 19-ஆவது நாள்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அந்தக் கதவில் கிழமையும் நேரமும் எழுதிய ஒரு தாள் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள், இரண்டு இரண்டு மணி நேரம் போதும், ஆனால் மாறக் கூடாது. அதே தாளின் கீழே, பெண்களுக்கு வருமானச் சான்று தேவையில்லை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மனு வாங்கினால் தேதி போட்டு ஒரு சீட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். இதற்கு அரசாணையோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை, 24-ஆவது நாள், காலை பத்து மணிக்கு அந்த அக்காவை மறுபடியும் அங்கே அனுப்புகிறேன். சம்மன், தீர்ப்பு நகல், ஆதார் எல்லாம் இரண்டு செட் எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை நானும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு அவரோடு வந்து நிற்கிறேன். தயவு செய்து அன்று ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்