மீனை ஓங்கி அறை

அன்புள்ள வித்யாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பொரித்த மீன் கேக் எண்ணெயில் உதிர்ந்து கிடக்கும் படத்தைப் பார்த்தேன். அம்மா முட்டை சேர்க்கச் சொல்கிறாள், உன் சித்தி ரொட்டித்தூள் என்கிறாள். உருளைக்கிழங்கு மசித்துப் போடும் வெள்ளைக்காரர் கேக்குக்கு அதெல்லாம் சரி. நீ செய்யப் பார்ப்பது தாய்லாந்துக்காரர்களின் தோட் மன் பிளா மாதிரி. அதற்கு உப்பும் அடியும் போதும்.

இங்கே சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் நான் வாங்குவது தெங்கிரி, அதாவது வஞ்சிரம். மெல்பர்னில் ஸ்பானிஷ் மெக்கரல் என்று கேள். துண்டு போடச் சொல்லாதே. நடுமுள்ளை எடுத்து இரண்டு பாதியாக வாங்கு. தோல் பலகையில் படியும்படி வைத்து, ஸ்பூனால் சதையைச் சுரண்டு. சதை மட்டும் வழிந்து வரும், வெள்ளை நார் தோலோடு நின்றுவிடும். அப்புறமும் ஒருமுறை விரலால் தடவி முள் பார்த்துவிடு.

அரை கிலோ சதைக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. வேறு எதையும் சேர்ப்பதற்கு முன் உப்பைப் போட்டுப் பிசை. மீனில் இருக்கும் புரதத்தை உப்புதான் கரைத்து வெளியே கொண்டுவரும். அதுதான் உனக்குப் பசை. பிறகு மொத்தத்தையும் அள்ளி, பாத்திரத்தில் ஓங்கி அறை. திரும்ப அள்ளு, திரும்ப அறை. சொதசொதவென்று இருந்தது பளபளப்பாகி, விரலை விடாமல் இழுக்கும். கரண்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. நடுநடுவே இரண்டு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீர் தெளி. மீன் சூடேறினால் பசை போய்விடும், வெந்தபின் துள்ளாது. இந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று அம்மா பதறுவாள். நீ பகலில் செய்.

கறி பேஸ்ட் ஒன்றரை மேசைக்கரண்டி, பொடியாக அரிந்த பயத்தங்காய், நடு நரம்பை எடுத்து நூல் போல அரிந்த லிமாவ் பூருட் (காஃபிர் லைம்) இலை. சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போகவே கூடாது. கடையில் விற்கும் சில கேக்குகளில் மாவைத்தான் தேட வேண்டியதில்லை, மீனைத் தேட வேண்டும்! முதலில் ஒரு சின்ன உருண்டையைப் பொரித்து உப்பு பார். கையை நனைத்துத் தட்டி, மிதமான தீயில் இரண்டு பக்கமும் சிவக்க எடு.

சாஸுக்கு க்ரீம் ஊற்றினேன் என்றாயே, எனக்கு அது பிடிக்கவில்லை. கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கப் எடு. சின்ன வெங்காயம், பூண்டு, நசுக்கிய செராய் (எலுமிச்சைப் புல்) ஆகியவற்றை வதக்கி, அரைத் தேக்கரண்டி கறி பேஸ்ட் போட்டு வாசம் வந்ததும் பாலை ஊற்று. ஓரத்தில் முத்து முத்தாகக் கிளம்பினால் போதும். தளதளவென்று கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். ஃபிஷ் சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை. அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை. கடைசியில் லக்சா இலையை அரிந்து தூவு. இது பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, சொல்லிக்கொடுத்தது. அங்கே வியட்நாமியர் கடைகளில் வியட்நாமிய புதினா என்று விற்பார்கள், அதே இலைதான்.

சாஸைக் கேக்கின் தலையில் கொட்டாதே. தட்டில் பரப்பி அதன்மேல் கேக்கை வை, மேல்பக்க மொறுமொறுப்பு போகாது. மிஞ்சிய கேக்கை ஃப்ரீசரில் வைக்கலாம். சாஸை மட்டும் அன்றன்றைக்குச் செய்.

உன் அறைத்தோழிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று சொன்னாய். கடைக் கறி பேஸ்டில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு வாங்கு.

அன்புடன்,
அப்பா