எண்ணுவதற்கு முன்பே ஒரு நன்றி

ஊர்க்காரர்களுக்கும், எங்களோடு அலைந்தவர்களுக்கும், எங்களுக்கு எதிராக அலைந்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு மே 2, ஞாயிற்றுக்கிழமை ஓட்டு எண்ணப் போகிறார்கள். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஜெயித்த பிறகு நன்றி சொன்னால் மிதப்பில் சொன்னதாகிவிடும். தோற்றால் சொல்ல வாய் வராது. வந்தாலும் யார் கவிழ்த்தது என்று கணக்குப் பார்த்து நாலு பேரை விட்டுவிட்டுத்தான் சொல்லுவேன். என் புத்தி எனக்குத் தெரியும். இப்போது யார் எங்கள் பக்கம் போட்டார்கள் என்றே தெரியாததால் எல்லோருக்கும் சொல்லலாம்.

மொத்தம் 234 தொகுதி, ஆட்சிக்கு 118 வேண்டும். 2006-ல் தி.மு.க. தனியாக 96 இடம்தான் பிடித்தது. ஐந்து வருஷமும் கூட்டணிக் கட்சிகளின் தயவில் ஓடியது. அதனால் ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவர்கள் 118, 118 என்று முழங்கினார்கள். எங்கள் ராதாபுரம் தொகுதிக்காரர்களுக்கு அந்த எண் காதில் ஏறாது. எங்களுக்குத் தெரிந்த எண் 49. 2016-ல் இங்கே வெற்றிக்கும் தோல்விக்கும் இருந்த ஓட்டு வித்தியாசம் அவ்வளவுதான். வழக்கு நடந்து, 2019-ல் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணி, அந்த முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டு, அடுத்த தேர்தலே வந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு உட்காருகிறவர்கள் அந்த 49-ஐவிட அதிகம். அதனால்தான் இந்த முறை ஒரு வீட்டைக்கூட விடாமல் தட்டினோம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டிய வீடுகளில் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் நன்றி பீடி சுத்தும் அக்காமார்களுக்கு. வாக்காளர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கலர் கலராகப் பிரித்து, மாவட்டத்திலிருந்து எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். சொளவிலிருந்து கண்ணை எடுக்காமல், இலையைச் சுருட்டி நூலைக் கட்டியபடியே அவர்கள் பட்டியலைத் திருத்தினார்கள். "இவிய போன ஆடியிலேயே போய்ச் சேந்துட்டாவ, இன்னும் ஓட்டுக் கேக்கப் போறியளோ?" "இவளைப் பணகுடியில கட்டிக் குடுத்தாச்சு." "இந்தப் பேருல நம்ம தெருவுல ஆளே கிடையாது." ஒரு மத்தியானத்தில் பாதிப் பட்டியல் சுத்தமாகிவிட்டது. கலர் அடித்துக் கொடுத்தவர்கள் ஒருநாள் இங்கே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதே அக்காமார்களில் ஒருத்தி, "மத்தவியல்லாம் கவர் குடுத்தாச்சு, நீங்க எப்ப?" என்று நேராகவே கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து மழுப்பினேன். கேட்டதற்காக அவள் மேல் கோபமில்லை. கேட்கும்படி ஆக்கி வைத்ததில் எல்லாக் கட்சிக்கும் பங்கு உண்டு, எங்களுக்கும்தான்.

அப்புறம் தேரிக்காட்டுப் பனையேறித் தாத்தா. பங்குனி வெயிலில் செம்மண் சுட, நாக்கு வறண்டு போய் நின்றபோது ஓலைப்பட்டையில் பதநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார், துண்டு நிறம் பார்க்காமல். காசு வாங்கவில்லை. "ஜெயிச்சா பனைக்கு ஏதாச்சும் செய்யச் சொல்லுடே" என்றார். வேட்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்பது தாத்தாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மும்பையில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் மற்ற தேர்தல்களில் பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். இந்த முறை அங்கே கொரோனா. பலரால் வர முடியவில்லை. வந்து போட்டுவிட்டு, வீட்டுக்குள் போகாமல் திண்ணையிலேயே சாப்பிட்டுத் திரும்பிய இரண்டு பேருக்குத் தனியாக நன்றி.

ஏப்ரல் 6 அன்று காலை ஐந்தரைக்கே நான் பூத்துக்குள் இருந்தேன். மாதிரி ஓட்டு ஐம்பது போட்டுப் பார்த்து, அழித்து, சீல் வைத்து, ஏழு மணிக்குத் தொடங்கினார்கள். வலது கைக்கு ஒரு பாலித்தீன் உறை கொடுத்தார்கள். "எதுக்குய்யா, மீன் அறுக்கவா?" என்று கேட்ட ஆச்சியால் அரைமணி நேரம் எல்லாக் கட்சி ஏஜெண்டும் ஒன்றாகச் சிரித்தோம்.

சாயங்காலம்தான் வினை. கடைசி ஓட்டு விழுந்து இயந்திரத்தை மூடியபோது, அதில் காட்டிய மொத்தம் பதிவேட்டில் இருந்ததைவிட ஒன்று குறைந்தது. ஒரே ஒரு ஓட்டு. வாக்குச்சாவடி அதிகாரி பாவம், முகக்கவசத்துக்குள் வியர்த்துக் கொட்டியது. எனக்கோ 49 ஞாபகம் வந்து, கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டேன். அப்போது எதிர்க்கட்சி ஏஜெண்ட் மெதுவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மத்தியானம் ஒரு பய மையும் வச்சு கையெழுத்தும் போட்டுட்டு, எவனுக்கும் போட மாட்டேன்னு திரும்பிப் போனாம்லா?" பதிவேட்டைப் புரட்டினால், குறிப்புக் கட்டத்தில் அவன் கையெழுத்தோடு அது இருந்தது. ஓட்டுக் கணக்கு எழுதும் படிவம் 17சி-யில் அதற்கென்றே ஒரு வரி உண்டு. எழுதினார்கள், ஆளுக்கொரு நகல் வாங்கினோம். அவர் சும்மா இருந்திருந்தால் நான் தகராறு செய்து ஊர் சிரித்திருக்கும். மதியம் தன் புளியோதரையில் பாதியை எனக்குத் தந்தவரும் அவர்தான். பெயர் எழுதினால் அவர் கட்சியில் சங்கடப்படுவார், விடுகிறேன்.

அன்றிலிருந்து இயந்திரங்கள் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே முறை போட்டுக் காவல் இருக்கும் பையன்களே, இருபது நாளுக்கு மேல் இந்த வெயிலில் கிடக்கிறீர்கள். உங்கள் அம்மாமார்கள் என்னை ஏசுவது காதில் விழுகிறது. எண்ணும் இடத்துக்குள் போகிறவர்கள் கொரோனா இல்லை என்ற சான்றையோ, ரெண்டு ஊசி போட்ட சான்றையோ கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நின்று சண்டை போடாதீர்கள். முடிவு எதுவானாலும் ஊர்வலம் கிடையாது, தேர்தல் ஆணையம் தடை போட்டுவிட்டது. வெடி வாங்கி வைத்திருக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியும். அதைத் தீபாவளிக்கு எடுத்து வையுங்கள்.

சாமியானாவுக்கும் நாற்காலிக்கும் வாடகை கொடுத்தாயிற்று. இரண்டு நாற்காலி குறைகிறது, யார் வீட்டிலாவது கிடந்தால் சொல்லுங்கள். ஓட்டு நாளில் எங்கள் பூத்துக்கு வந்த சாப்பாட்டில் ஒரு மூன்றடுக்குத் தூக்குச்சட்டி திரும்பிப் போகவில்லை. மூடியில் 'செ' என்று வெட்டியிருக்கிறது. அதிலிருந்த கத்தரிக்காய்க் கூட்டு அருமை. கழுவி எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.