இரவுக் கடை நேரம் மாறுகிறது: சிம்மக்கல் இட்லிக் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் ஒன்றாம் தேதியிலிருந்து நம் கடை இரவு ஒன்பதரைக்கு மூடப்படும். ஞாயிற்றுக்கிழமை காலை டிபனோடு சரி, அன்று சாயங்காலம் கடை கிடையாது. உங்களில் பலருக்கு இது ஏற்கெனவே காதில் விழுந்திருக்கும். விழுந்த விதத்தில்தான் எனக்கு வருத்தம்.

போன மாதம் நம் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியது. "காய்ச்சல்ல கிடக்குற அம்மாவுக்கு நாலு இட்லி கேட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கி வச்சுக்கிட்டு, மாவை வச்சுக்கிட்டே இல்லைன்னுட்டாங்க. காசு சேந்துருச்சுல்ல, இனி நம்மளயெல்லாம் தெரியுமா?" என்று. எத்தனை பேர் அதை எனக்கே அனுப்பி வைத்தீர்கள்! மற்ற பேச்சை எல்லாம் விட்டுவிடுகிறேன். "மாவை வச்சுக்கிட்டே" என்று சொன்னாரே, அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அவர் பார்த்த மாவு மறுநாள் காலைக்கானது. ஒன்பது மணிக்குத்தான் ஆட்டிக் கரைத்து வைத்திருந்தோம். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்தை முக்கால் மணி நேரம் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டினால்தான் பொங்கி வரும். அதற்குப் பிறகு மதுரை வெக்கையிலும் ஆறேழு மணி நேரம் புளிக்க வேண்டும். சாயங்கால வியாபாரத்துக்கான மாவைக் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆட்டி முடித்துவிடுவோம். அன்று அது பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது. புளிக்காத மாவைத் துணியில் ஊற்றி வேகவைத்தால் இட்லி அமுங்கி, கெட்டியாக வரும். காய்ச்சல்காரருக்கு அதை எப்படிக் கொடுப்பேன்? நான் அப்போது பின்கட்டில் இட்லித் துணிகளை வெந்நீரில் அலசிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற தம்பி "முடிஞ்சிருச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அது தப்புதான். காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும், என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கொஞ்சம் கஞ்சியாவது வைத்துக் கொடுத்திருப்பேன். வந்து திரும்பிப் போன அந்த அண்ணனிடம் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

காசு சேர்ந்துவிட்டது என்று நேரத்தைக் குறைக்கவில்லை. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடம் நம்மோடு இருந்த மாஸ்டர் ஐப்பசியில் விலகிக்கொண்டார். சம்பளத்தில் குறை இல்லை. கல்யாண சமையலுக்குப் போகிறார். "மாசத்துல பன்னெண்டு நாள் வேலைண்ணே, மிச்ச நாள் வீட்டுல இருப்பேன்" என்றார். கூட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க வீட்டுல ராத்திரி சாப்பிட்டு எத்தனை வருசம் ஆச்சுண்ணே?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பத்தொன்பது வருடமாகக் காலை நாலு மணிக்கு எழுந்து இரவு ஒரு மணிக்குப் படுக்கிறேன். ஊரடங்கை விட்டால் பொங்கல், தீபாவளி, மே 5 வணிகர் தினம், இவ்வளவுதான் நம் கடை பூட்டிக் கிடந்த நாட்கள். 2020 ஜூன் கடைசியில் மதுரைக்கு முழு ஊரடங்கு போட்டார்களே, அப்போதுதான் தொடர்ந்து சில நாள் இரவு வீட்டில் சாப்பிட்டேன். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு என் மகள், "அப்பாவுக்கு ரசம் பிடிக்குமாம்மா?" என்று அவள் அம்மாவிடம் கேட்டாள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அப்போது பத்து வயது. இன்று அவள் பிளஸ் ஒன்.

ஓட்டல் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1958இலேயே நம் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. நம் பையன்களுக்கு முறை வைத்து அதைக் கொடுத்துத்தான் வருகிறேன். 2021இல் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்ததைப் படித்துவிட்டு இங்கேயும் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். கல்லாவில் நிற்கிற நானும், சட்னி அரைக்கிற என் மனைவியும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. தை மாதத்தில் ஒரு நாள் இரவு கடையடைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது. நிற்பதைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"24 மணி நேரமும் திறக்கலாம்னு 2019லயே அரசாணை வந்துருச்சே" என்று ஒரு சார் கேட்டார். அது பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற கடைகளுக்கு. அவர்களால் ஷிப்டு மாற்ற முடியும். இங்கே எங்கள் இருவரையும் சேர்த்து ஐந்து பேர்.

லீவு எந்தக் கிழமை என்பதில் வீட்டில் பெரிய பேச்சே நடந்தது. வியாபாரம் மந்தமான செவ்வாய்க்கிழமை விடலாம் என்றேன். "பிள்ளைக ஸ்கூலுக்குப் போயிருக்கும். யார் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. ஞாயிறு ராத்திரி வியாபாரம் மற்ற நாளைப் போல இரண்டு மடங்கு. தெரிந்துதான் விடுகிறேன்.

தூங்கா நகரத்தில் ஒன்பதரைக்கு இட்லிக் கடையை மூடுவதா என்று கோபப்படுகிறவர்களின் உரிமை எனக்குப் புரிகிறது. ஆரப்பாளையத்தில் கடைசி பஸ்ஸில் இறங்கி நேராக இங்கே வருபவர்கள், இரண்டாம் ஆட்டம் விட்டு வருபவர்கள், பூ மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றிப் போகும் வழியில் நிற்பவர்கள், உங்களை எல்லாம் முகம் பார்த்தே எத்தனை இட்லி, எந்தச் சட்னி என்று எனக்குத் தெரியும். ஊரடங்கின்போது "அப்புறம் கழிச்சுக்கலாம்" என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அந்தப் பணத்தில்தான் பையன்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் போட்டேன். சாகும்வரை மறக்க மாட்டேன்.

சித்திரைத் திருவிழாவில், மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று மட்டும் பழையபடி விடிய விடிய கடை உண்டு. அழகரைப் பார்க்கத் தல்லாகுளம் போகிறவர்களைப் பசியோடு வைகைப் பாலம் தாண்ட விடமாட்டேன். உடம்புக்கு முடியாதவர்களுக்கு இரவில் இட்லி வேண்டுமென்றால் எட்டு மணிக்குள் போன் செய்து சொல்லிவிடுங்கள், எடுத்து வைக்கிறேன். பார்சல் மாவு ஒன்றாம் தேதியிலிருந்து 50 ரூபாய், இட்லிக்கு 2 ரூபாய் கூடும். காலைக் கடை எப்போதும்போல் ஆறு மணிக்குத் திறக்கும், கார சட்னி உட்பட நாலு சட்னியும் இருக்கும்.

குரல் பதிவு போட்ட அண்ணன் இதைப் படித்தால் ஒரு நாள் காலையில் வாருங்கள். அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்புடன்,
உங்கள் இட்லிக் கடைக்காரர்,
சிம்மக்கல், மதுரை.