பாப்பான் என்பது கடன்காரர் பெயரல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொண்டுவிக்கப் போன (கடல் கடந்து தொழில் செய்யப் போன) கதையைப் படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் பர்மா நெல்லையும் மலாயா ரப்பரையும் சொன்னவர் ஈயத்தை, அதாவது வெள்ளீயத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 1920-களில் மலாயாவின் ஈப்போவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (முதலாளியின் முகவருக்கு உதவியாளராக) இருந்தவர். அவர் பேரேட்டில் ‘பாபபான பறறு’ என்று அடிக்கடி வரும். அந்தக் காலத்துக் கணக்கெழுத்தில் புள்ளி ஏது? பாப்பான் யாரோ கடன்காரர், ஐயாவுக்கு நாமம் போட்டவர் என்றுதான் வீட்டில் பேச்சு. போன வருஷம் ஈப்போவில் வேலை பார்க்கும் மகனிடம் போனபோதுதான் அது ஊர் என்று தெரிந்தது. மலாய் மொழியில் பலகை என்று பொருளாம்.

ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்தில், கிளேடாங் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஊர் என்றால் ஒரு தெரு. பாதிக் கடைகளுக்குக் கூரை இல்லை, உள்ளே மரம் முளைத்து வெளியே தலை நீட்டுகிறது. மலையிலிருந்து மழை அடித்துவந்த மண்ணில் ஈயமணல் இருந்ததால் வந்த ஊர் அது. தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, சேற்றை பம்பால் ஏற்றி நீண்ட மரச்சரிவில் ஓடவிடுவார்கள். மண் போய்விடும், கனமான ஈயமணல் தங்கும். பெண்கள் ‘துலாங்’ என்ற மரத்தட்டில் இதையே கையால் செய்தார்கள். நம் வீட்டில் அரிசியில் கல் அரிப்பார்களே, அதே கைப்பக்குவம். சிறிய சுரங்கக்காரர்களுக்கு முன்பணம் வேண்டும், வங்கி லேசில் தராது. செட்டியார் கடை தந்தது. தோண்டிய பள்ளங்கள் இன்று குளங்கள். அங்குள்ள தமிழர் ஈயக்குட்டை என்கிறார்கள். 1985-ல் ஈயத்தின் விலை சரிந்தது, கிந்தாவில் தொழில் படுத்துவிட்டது.

அந்தத் தெருவில் 74-ஆம் எண் வீட்டையும் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கையில் இருந்தபோது, செவிலியர் சிபில் கார்த்திகேசு ஜப்பானியரை எதிர்த்த கெரில்லாக்களுக்கு ரகசியமாக மருத்துவம் பார்த்த இடம். 1943-ல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். பின்னால் பிரிட்டனின் வீரப் பதக்கமான ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. அவருடைய கணவர் ஒரு தமிழ் டாக்டர். நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அப்பத்தாவுக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. ஊர் திரும்பும்போது ஐயா ஈயக்கட்டி கொண்டுவருவாராம். ஈயம் பூசுகிறவர் வளவில் (வீட்டு முற்றத்தில்) துருத்தி வைத்து ஊதுவார். பித்தளை அண்டா சூடேறியதும் நவச்சாரம் தூவி, ஈயத்துண்டை இழுத்து, பஞ்சால் ஒரு சுற்று. உட்புறம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அந்த நவச்சாரப் புகை இன்னும் மூக்கில் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் பேரம் பேசியவர்கள், நாலு மூட்டைப் பேரேட்டைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். நான் போவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. பரணில் கணக்குக் கட்டு வைத்திருப்பவர்கள், போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கம்பார், கோப்பேங், பூசிங், பத்து காஜா என்று ஏதாவது தென்பட்டால் அது ஆள் பெயரல்ல, ஊர். புள்ளி இல்லாத எழுத்தைப் படிக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், காப்பி மட்டும் கொடுத்தால் போதும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தேவகோட்டை