சேவலை அதன் குஞ்சுகளிடம் கேள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீலச்சாம்பல் சேவலும் அதே நிறத்துப் பெட்டைகளும் வாங்கி அடைவைத்தாய். பொரித்ததில் பாதிதான் அந்த நிறம், மீதியில் சில கருப்பு, சில வெள்ளையில் கரும்புள்ளி என்று எழுதியிருந்தாய். விற்றவர் கலப்புக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார் என்று கோபம் வேறு. அவர் உன்னை ஏமாற்றவில்லையம்மா. எவ்வளவு சுத்தமான கோழியாக இருந்தாலும் அந்த நிறம் அப்படித்தான் பிரியும்.

கருப்பு நிறத்தை வெளுக்கவைக்கும் மரபணு ஒன்று இருக்கிறது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அது ஒன்று மட்டும் வந்தால் குஞ்சு நீலச்சாம்பல். இரண்டு பக்கமும் வந்தால் இன்னும் வெளுத்து, அழுக்குவெள்ளையில் புள்ளி தெறித்த கோழி. எந்தப் பக்கமும் வராவிட்டால் கருப்பு. ஆக நீலச்சாம்பல் கோழியிடம் எப்போதும் ஒன்றுதான் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் கால்பங்கு கருப்பு, பாதி நீலச்சாம்பல், கால்பங்கு புள்ளி. எத்தனை தலைமுறை பொறுக்கி எடுத்தாலும் இது மாறாது. எல்லாக் குஞ்சும் நீலச்சாம்பலாக வேண்டுமென்றால் கருப்புக் கோழியையும் புள்ளிக் கோழியையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு குஞ்சுக்கும் சரியாக ஒன்று போய்ச் சேரும். நீ விற்றுவிடலாம் என்று நினைக்கும் புள்ளிக் குஞ்சுகள்தான் உனக்கு வேண்டியவை. தயவுசெய்து ஒன்றைக்கூட விற்காதே.

அடுத்து, புதிதாகச் சேவல் வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருந்தாய். சேவலின் நிமிர்வையும் நிறத்தையும் பார்த்து மயங்காதே. வெளியே தெரிவது ஒன்று, உள்ளே சுமப்பது ஒன்று. கொண்டையையே எடுத்துக்கொள். பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படி இறங்குகின்றன என்று மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட விதி விலங்குகளுக்கும் பொருந்தும் என்று 1902-ல் ஆங்கிலேய உயிரியலாளர் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிக்கொண்டையை வைத்துத்தான். ரோஜாக் கொண்டை, அதாவது தலையோடு படிந்து முண்டுமுண்டாக இருக்கும் கொண்டை, ஓங்குபண்பு, ஒரு மரபணு இருந்தாலே வெளியே தெரிந்துவிடும். ரம்பப்பல் போல நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டை ஒடுங்குபண்பு, இரண்டு பக்கமும் வந்தால்தான் தெரியும். அதனால் ஒற்றைக் கொண்டைக் கோழிகள் இரண்டு சேர்ந்து ரோஜாக் கொண்டைக் குஞ்சு பொரிக்காது. ஆனால் ரோஜாக் கொண்டைக் கோழிகள் இரண்டு சேர்ந்து ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பொரிக்கலாம். பொரித்தால், தாய் தகப்பன் இரண்டுமே அதை மறைத்துவைத்திருந்தன என்று அர்த்தம்.

ஒரு சேவல் மறைத்துவைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒற்றைக் கொண்டைப் பெட்டைகளோடு மட்டும் அதை விட்டு அடைவை. ஒரே ஒரு குஞ்சு ஒற்றைக் கொண்டையோடு வந்தாலும் விடை கிடைத்துவிட்டது. 7 குஞ்சும் ரோஜாக் கொண்டையாக வந்தால், மறைத்துவைத்திருக்கும் சேவல் அப்படித் தப்பிப்பதற்கான வாய்ப்பு 128-ல் ஒன்றுதான். வேறெந்த ஒடுங்குபண்புக்கும் இதே சோதனைதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ரோஜாக் கொண்டை மரபணு இரண்டையும் வைத்திருக்கும் சேவலுக்குக் கருவுறவைக்கும் திறன் குறைவு. விந்தணுக்களின் ஓட்டம் மந்தமாக இருக்கும். ஒன்றை மட்டும் வைத்து, ஒற்றைக் கொண்டையை மறைத்துச் சுமக்கும் சேவலுக்கு அந்தக் குறை இல்லை, அதன் குஞ்சுகளே அதிகம் பொரிக்கும். அதனால்தான் ரோஜாக் கொண்டை இனங்களில் எவ்வளவு கழித்தாலும் ஒற்றைக் கொண்டை மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. கழிக்கிறவர் கையை மீறிக் கோழியே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது!

குஞ்சு பொரித்த அன்றே ஆண், பெண் பிரிக்க முடியுமா என்று கேட்டாயே, அதற்கும் வழி இருக்கிறது. மரபணுக்களைச் சுமக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பவை இசட், டபிள்யூ என்ற இரண்டு வகை. சேவலுக்கு இசட் குரோமோசோம் இரண்டு. பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. பெட்டை தன் இசட்டை ஆண்குஞ்சுக்குத்தான் தரும், பெண்குஞ்சுக்குப் போவது டபிள்யூ. ஆகவே இசட்டில் இருக்கும் எந்தப் பண்பும் பெண்குஞ்சுக்குத் தகப்பன் வழியாக மட்டுமே வரும். இறகில் வெள்ளை வரி போடும் மரபணு அந்த இசட்டில்தான் இருக்கிறது. வரியில்லாத கருப்புச் சேவலை வரிப்பெட்டைகளோடு விடு. குஞ்சுகள் ஈரம் காய்ந்து உப்பியதும் கையில் எடுத்துப் பார். எல்லாம் கருப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஆண்குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு தெரியும். பெண்குஞ்சின் தலை முழுக்கக் கருப்பு. மாற்றிப் போட்டு, சுத்த வரிச்சேவலைக் கருப்புப் பெட்டையோடு விட்டால் எல்லாக் குஞ்சுக்கும் வரி வந்துவிடும், அடையாளம் கிடைக்காது. பொட்டு வைத்துப் பிரித்த குஞ்சுகளையே வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தாலும் அடுத்த தலைமுறையில் இது கைகொடுக்காது.

சில மரபணுக்களை இரட்டிக்க விடவே கூடாது. குட்டைக்கால் கோழி இரண்டைச் சேர்த்தால் கால்பங்குக் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும். சுருள் இறகுக் கோழி இரண்டைச் சேர்த்தால் கால்பங்குக் குஞ்சுகளுக்கு இறகு நொறுங்கி உதிர்ந்துபோகும், பாவம், குளிர் தாங்காது. ஒன்று சுருள், மற்றது சாதா இறகு என்று சேர்த்தாலே பாதிக் குஞ்சு சுருளாக வரும். அழகுக்கு அது போதும்.

முட்டை எண்ணிக்கையும் எடையும் இப்படி ஒற்றை மரபணுவில் அடங்காது. நிறைய மரபணுக்கள், அப்புறம் தீனி, வெளிச்சம் எல்லாம் சேர்ந்த விஷயம். எடை ஓரளவு வேகமாக முன்னேறும், முட்டை எண்ணிக்கை மெதுவாகத்தான். சேவல் முட்டையிடாது, ஆனால் மகள்களுக்குப் பாதி அதனிடமிருந்துதான் போகிறது. எனவே வாங்கும்போது அதன் தாயும் உடன்பிறந்த பெட்டைகளும் எப்படி இட்டன என்று விசாரி. கணக்கு வைத்திருப்பவரிடம் வாங்கு. விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. அண்ணன் தங்கையை மட்டும் சேர்க்காதே. மறைந்திருக்கும் குறைகள் ஒன்றுகூடி, முதலில் பொரிப்பு குறையும், பிறகு குஞ்சு தங்காது.

புதுச் சேவலை விடுமுன் பழையதைப் பிரித்து மூன்று வாரம் பொறு. பெட்டை விந்தை உடலுக்குள் அவ்வளவு நாள் சேமித்துவைக்கும், அதற்குமுன் எடுத்த முட்டையில் தகப்பன் யார் என்று சொல்ல முடியாது. இந்த ஒன்றில் அவசரப்பட்டால் நீ எழுதும் கணக்கெல்லாம் வீண். காலில் எண் வளையம் போடு, முட்டையில் பென்சிலால் தாயின் எண்ணை எழுது, பொரிக்காமல் போனதையும் குறித்துவை.

அடுத்த அடை பொரித்ததும் கருப்பு எத்தனை, நீலச்சாம்பல் எத்தனை, புள்ளி எத்தனை என்று எழுதி அனுப்பு. பத்துப் பன்னிரண்டு குஞ்சில் கணக்கு அச்சாக வராது, கலங்காதே. நான் எல்லா அடையையும் கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா