எனக்காக ருசி பார்த்தவர்களுக்கு நன்றி

காட்பாடியில் எங்கள் மெஸ்ஸுக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

என் சைனஸ் தொல்லை பலருக்குத் தெரியும். 12 வாரத்துக்கு மேல் மூக்குக்குள் வீக்கம் நீடித்தால் நாள்பட்டது என்கிறார்கள். எனக்கு அது எப்போதோ தாண்டி, வாசனையே தெரியாமல் போய்விட்டது. உப்பு, புளிப்பு தெரிந்தது, மிளகாய் சுரீரென்றது. ஆனால் ரசம் வெறும் புளித்தண்ணியாக இறங்கியது. "உப்பு தெரியுதுன்னா நாக்கு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்காதவர்கள் குறைவு.

அதற்குப் பதில் சொன்ன காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவுக்கு முதல் நன்றி. கூட வந்த என் மகனை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாய் சப்பச் சொன்னார். இனிப்பு மட்டும்தான் தெரிகிறது என்றான். கையை எடுத்ததும் ஏலக்காய் வந்துவிட்டது! மெல்லும்போது கிளம்பும் வாசனை தொண்டையின் பின்வழியாக மூக்கின் உச்சிக்கு ஏறினால்தான் ருசி முழுசாகுமாம். எனக்கு வீக்கமும் பாலிப் என்ற சதை வளர்ச்சியும் அந்த வழியை அடைத்திருந்தன. நாக்கில் ஒரு கோளாறும் இல்லை.

மருந்துக்கடைத் தம்பிக்கும் நன்றி. வீக்கத்துக்கான ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடிக்காமல், வலது மூக்குக்கு இடது கையால் காதுப் பக்கம் சாய்த்து அடிக்கவேண்டும் என்று பொறுமையாகச் செய்து காட்டினான். உப்புத்தண்ணீரில் மூக்கைக் கழுவும்போது குழாய்த் தண்ணீரை அப்படியே எடுக்காதீங்க, காய்ச்சி ஆறவைங்க என்று எச்சரித்ததும் அவன்தான்.

அப்புறம் என் நாத்தனார். விடியற்காலையில் வந்து ஒவ்வொரு பாத்திரமாக ருசி பார்த்தார். இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் போட்ட எண்ணெய்க் குழம்பை யாரும் குறை சொல்லாததற்குக் காரணம் அவர்தான், நான் இல்லை. தினம் இரண்டு வேளை ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலத்தை முகர்ந்து பழகும் பயிற்சிக்கும் அவரே வாத்தியார். கண்ணை மூடு என்பார், எது என்று கேட்பார், தப்பாகச் சொன்னால் சிரிப்பார்.

எதிர்வீட்டு அண்ணனை விட முடியாது. கேஸ் கசிந்தாலும் எனக்குத் தெரியாது என்று கேட்ட நாளிலிருந்து, ராத்திரி கடை சாத்துமுன் அடுக்களையில் ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

இப்போது காபி வாசனை வந்துவிட்டது, பெருங்காயமும் வந்துவிட்டது. கொத்தமல்லி பாதிதான். சளி பிடித்தால் மறுபடி போய்விடுகிறது. மூக்கு கழுவுவதையும் ஸ்ப்ரேயையும் விடக்கூடாது என்று உத்தரவு. வாசனை முழுசாகத் திரும்பும்வரை ரசத்தில் ஏதாவது பிசகினால் தயங்காமல் சொல்லுங்கள், நாத்தனாரைக் கூப்பிடுகிறேன்.